புதிய மென்பொருளுக்கு எந்த ஸ்டாக்? வன்னியிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் பக்கம் சொந்தமாக ஒரு மென்பொருளை உருவாக்கி விற்க முயல்பவர்களின் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பிக் களைத்துவிட்டதால் அவற்றை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே, எழுத்து நடைக்காகச் சற்றுத் திருத்தித் தந்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லாது. ஆகவே மேலிருந்து வாசியுங்கள்.

1. டெக் ஸ்டாக் என்று சொல்வது புரோகிராம் எழுதும் மொழியைத்தானே?

மொழி அதில் ஒரு துண்டு மட்டும். பயனாளர் தொடும் செயலி அல்லது இணையப் பக்கம், பின்னால் கணக்குப் பார்க்கும் சேர்வர் நிரல், தரவுத்தளம், இவையெல்லாம் ஓடும் இடம், எஸ்எம்எஸ் அனுப்பும் வழி, காசு வாங்கும் வழி, தரவைப் பிரதி எடுத்து வைக்கும் ஏற்பாடு என்று எல்லாம் சேர்ந்ததுதான் ஸ்டாக்.

மொழியைப் பற்றி இரவிரவாக வாதிடுபவர்கள் பிரதி எடுப்பதைப் பற்றி ஒரு தடவைகூடக் கேட்பதில்லை. நான் கீழே நீட்டி எழுதியிருப்பது தரவு சம்பந்தமான பதில்களைத்தான். பைதனில் எழுதிய நிரலை வேறொரு மொழியில் சில மாதங்களில் மாற்றி எழுதிவிடலாம். இரண்டு வருடம் தவறான வடிவத்தில் சேர்ந்த தரவைத் திருத்துவதற்கு அப்படிக் கால எல்லை எதுவும் சொல்ல முடியாது.

2. ஒரே சொல்லில் சொல்லுங்கள் அண்ணா, எதை எடுப்பது?

உங்களுக்கும் கூட்டாளிக்கும் ஏற்கெனவே தெரிந்ததை. பல்கலைக்கழக இறுதி ஆண்டுச் செயற்றிட்டத்தை ஜாவாவில் செய்திருந்தால் ஜாவா. ஒருவருக்கு ஒன்றும் மற்றவருக்கு வேறொன்றும் தெரியுமென்றால், நடு இரவில் சேர்வர் விழுந்தால் எழும்பப் போகிறவருக்குத் தெரிந்தது எதுவோ அது.

இரண்டு பேருக்குமே எதிலும் பிடிப்பு இல்லையென்றால் பிஎச்பி மொழியில் லாராவெல், அல்லது பைதனில் ஜாங்கோ என்ற ஆயத்தச் சட்டகம். இரண்டிலும் உள்நுழைவு, படிவம், தரவுத்தள மாற்றங்களை வரிசையாகச் செய்யும் வசதி எல்லாம் ஆயத்தமாக இருக்கின்றன. ஜாங்கோவில் நிர்வாகப் பக்கம்கூடத் தானாக வந்துவிடும். அலுவலகத்தில் இருப்பவர் பதிவுகளைப் பார்க்கவும் திருத்தவும் முதல் சில மாதங்களுக்கு அதுவே போதும். ஃபேஸ்புக் 2004இல் பிஎச்பியில் தொடங்கியது. இன்ஸ்டாகிராம் ஜாங்கோவில் ஓடியது. 2012இல் ஃபேஸ்புக் அதை வாங்கியபோது அங்கே வேலை செய்தவர்கள் 13 பேர். உங்கள் மென்பொருள் இவற்றுக்கு அடங்காத அளவுக்கு வளர்ந்தால் அப்போது வேறு யோசனை செய்யலாம்.

3. ஒரு வரி நிரல்கூட எழுதாமல் தொடங்க முடியாதா?

முடியும். பலருக்கு அதுதான் சரியான தொடக்கம். காலபோக அறுவடைக்கு இயந்திரம் வைத்திருப்பவரையும் வயல்காரரையும் இணைக்கும் செயலி என்ற யோசனையுடன் நிறையப் பேர் வருகிறார்கள். முதல் போகத்துக்குச் செயலியே வேண்டாம். ஒரு கூகுள் படிவம், ஒரு விரிதாள், ஒரு போன் இலக்கம் போதும். எந்த நாள், எந்தக் குளத்துக்குக் கீழ், எத்தனை ஏக்கர் என்று கேட்டுத் தொடங்குவீர்கள். ஒரு வாரத்திலேயே வயல் ஈரமா காய்ந்ததா, இயந்திரம் இறங்குவதற்குப் பாதை இருக்கிறதா, நெல்லை ஏற்ற உழவு இயந்திரமும் வேண்டுமா என்ற நெடுவரிசைகள் விரிதாளில் தாமாகச் சேரும். நாற்காலியில் இருந்து வடிவமைத்தவருக்கு இந்த நெடுவரிசைகள் தோன்றியிருக்காது.

ஒரே வரியை இரண்டு பேர் ஒரே நேரத்தில் திருத்தத் தொடங்கும்போதும், அதில் காசுக் கணக்கு நுழையும்போதும் விரிதாளை விட்டு வெளியேறுங்கள். யார் எப்போது எந்தத் தொகையை மாற்றினார் என்று ஒருவர் கேட்டு உங்களால் உடனே சொல்ல முடியாமல் போனால், அதற்கும் முன்னரே வெளியேறியிருக்க வேண்டும்.

4. பிஎச்பி பழசு என்கிறார்கள். இப்போது போய் அதில் தொடங்கினால் சிரிக்க மாட்டார்களா?

சிரிப்பார்கள். சிரிப்பவர்கள் உங்கள் சேர்வரைப் பராமரிக்கப் போவதில்லை.

பழையதில் ஒரு பெரிய வசதி உண்டு. உங்களுக்கு வரும் வழு எதுவானாலும் உங்களுக்கு முன்னர் ஆயிரம் பேருக்கு வந்திருக்கும். தீர்வும் எங்காவது எழுதப்பட்டிருக்கும். புதியதில் நீங்கள்தான் முதல் ஆள். இணையப் பக்கங்களைச் செய்யும் கூகுளின் கருவியான அங்குலர்ஜேஎஸ் ஒரு காலத்தில் எல்லோர் வாயிலும் இருந்தது. 2016இல் அதை அடியோடு மாற்றி எழுதிய அங்குலர் 2 வந்தது. பழையதற்கான ஆதரவு 2021 டிசம்பருடன் நின்றுபோனது. செயலிகளுக்குப் பின்தளம் தரும் பார்ஸ் சேவையை 2013இல் ஃபேஸ்புக் வாங்கியது. 2016இல் மூடப்போவதாக அறிவித்து ஒரு வருட அவகாசம் கொடுத்து மூடிவிட்டது. ஒரு புதிய கருவி உங்களுக்குக் கட்டாயம் தேவையென்றால் எடுங்கள். ஆனால் முழு ஸ்டாக்கிலும் அப்படி ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

பிஎச்பியும் கல்லூரியில் படித்த அதே பிஎச்பி அல்ல. 2020இல் வந்த 8ஆம் பதிப்புக்குப் பின்னர் எழுதப்படும் நிரலைப் பழைய ஆள் ஒருவர் பார்த்தால் வேறு மொழி என்றே நினைப்பார்.

5. எல்லோரும் 'ஆப்' கேட்கிறார்கள். இணையத்தளம் செய்தால் போதுமா?

பெரும்பாலும் போதும். போனிலும் ஒழுங்காகத் தெரியும் இணையத்தளம் ஒன்றைச் செய்து, முகவரியை வட்ஸ்அப்பில் அனுப்பினால் அழுத்தித் திறந்துவிடுவார்கள். காலையில் கண்ட பிழையைத் திருத்தி மதியத்துக்கு முன் எல்லோருக்கும் கொடுக்கலாம். செயலி என்றால் ஒவ்வொருவரும் புதுப்பிக்கும் வரை காத்திருக்க வேண்டும். நினைவகம் நிரம்பிய போன் வைத்திருப்பவர் புதுப்பிக்கவே மாட்டார்.

செலவையும் பாருங்கள். கூகுள் பிளே கணக்குக்கு ஒரு தடவை 25 டொலர். அப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டொலர். 2023 நவம்பருக்குப் பின்னர் தனிநபர் பெயரில் பிளே கணக்குத் திறந்தவர்கள் செயலியை வெளியிடுமுன் 14 நாட்கள் தொடர்ந்து பரிசோதனையாளர்களை வைத்துக் காட்ட வேண்டும். முதலில் 20 பேர் கேட்டார்கள், பின்னர் 12 ஆகக் குறைத்தார்கள். வெளியீட்டு விழாவுக்கு நாள் குறித்துவிட்டு இந்த விதியை அறிபவர்கள் உண்டு.

புளூடூத் பிரின்டர், தராசு, பின்னணியில் இருப்பிடம் பார்த்தல், அல்லது நாள் முழுக்க இணையம் இல்லாத வேலை என்றால் செயலிதான். அப்போது செயலி எழுதும் கருவிகளில் ஃப்ளட்டரோ ரியாக்ட் நேட்டிவோ, 2ஆம் கேள்விக்குச் சொன்னதே இதற்கும் பதில். எதை எடுத்தாலும் இரண்டு ஜிபி நினைவகம் உள்ள பழைய அன்ட்ரொய்ட் போன் ஒன்றை மேசையில் வைத்து, தினமும் அதில் ஓட்டிப் பாருங்கள்.

6. சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில் வேலை செய்ய வேண்டும். அதற்கு என்ன ஸ்டாக்?

இந்தக் கேள்வியை முதலில் கேட்பவர்களுடன் பேசுவதற்கு எனக்கு விருப்பம் அதிகம். முத்தையன்கட்டுப் பக்கம் ஒரு பால் சேகரிப்பு நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஆறரை மணி, தகரக் கூரை, வரிசையாகப் பால் கான்கள். ஒருவர் அளக்கிறார், ஒருவர் பால்மானியைப் பார்க்கிறார், மூன்றாமவர் உறுப்பினர் இலக்கத்தையும் லீற்றரையும் பால்மானி அளவையும் போனில் பதிகிறார். திரையில் வட்டம் சுற்றத் தொடங்குகிறது. பின்னால் நிற்பவர் சைக்கிள் மணியை அடிக்கிறார். பதிபவர் போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுக் கொப்பியை எடுக்கிறார். மறுநாள் அவர் போனை வெளியே எடுக்கவே மாட்டார்.

ஆகவே பதிவு முதலில் போனுக்குள் இருக்கும் தரவுத்தளத்தில் விழ வேண்டும். அதற்கு எஸ்கியூலைட் போதும், அன்ட்ரொய்டிலேயே இருக்கிறது. சிக்னல் வரும்போது வரிசையில் நிற்பவற்றைச் சேர்வருக்கு அனுப்புங்கள். இதில் மூன்று இடங்களில் இடறுவார்கள். முதலாவது, பதிவின் அடையாளத்தைப் போனே உருவாக்க வேண்டும். சேர்வர் 1, 2, 3 என்று இலக்கம் கொடுக்கும் வரை காத்திருக்க முடியாது. யூயூஐடி எனப்படும் 128 பிட் எழுமாற்று அடையாளம் இதற்கானது. இரண்டாவது, போன் அனுப்பியதைச் சேர்வர் பெற்றுக்கொண்டு, "கிடைத்தது" என்ற பதில் வழியில் தொலைந்தால் போன் அதையே மீண்டும் அனுப்பும். அதே அடையாளத்துடன் இரண்டாம் தடவை வந்தால் சேர்வர் பேசாமல் "கிடைத்தது" என்று மட்டும் சொல்ல வேண்டும். இதைச் செய்யாதவரின் கணக்கில் ஒரு பசு காலையில் இரண்டு தடவை பால் கொடுத்திருக்கும். மூன்றாவது, போனின் கடிகாரத்தை நம்பாதீர்கள். போன் சொன்ன நேரத்தையும் சேர்வர் பெற்ற நேரத்தையும் தனித்தனியாக வையுங்கள்.

திருத்தங்களைப் பழைய பதிவின் மேல் எழுத வேண்டாம். கொப்பியில் தவறை ஒரு கோட்டால் வெட்டிவிட்டுப் பக்கத்தில் எழுதுவதுபோல, திருத்தமும் ஒரு புதிய பதிவாகவே சேரட்டும். இரண்டு போன்கள் வெவ்வேறு நேரத்தில் இணையத்துக்கு வரும்போது எழும் குழப்பத்தில் பாதி இதனாலேயே தீரும். இன்னும் அனுப்பப்படாத பதிவுகள் எத்தனை என்பதைத் திரையின் மேல் மூலையில் எப்போதும் காட்டுங்கள். போனைத் திருத்தக் கொடுக்குமுன் அந்த எண் பூச்சியமா என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

7. மொங்கோடிபி என்ற தரவுத்தளத்தை எடுத்தால் அட்டவணை வடிவத்தைப் பற்றி யோசிக்கத் தேவையில்லையாமே?

இன்றைக்குத் தேவையில்லை, பிறகு நெருக்கடியான ஒரு நாளில் யோசிக்க நேரும். ஆள், பொருள், அளவு, காசு, திகதி: இங்கே எழுதப்படும் மென்பொருட்களில் பத்தில் ஒன்பது இவற்றைத்தான் சேமிக்கின்றன. இவை ஒன்றோடொன்று தொடர்புடைய அட்டவணைகள். போஸ்ட்கிரெஸ் அல்லது மைஎஸ்கியூஎல் எடுங்கள். வடிவம் தெரியாத சில தகவல்கள் இருந்தால் போஸ்ட்கிரெஸில் ஜேசன் எனப்படும் கட்டற்ற வடிவ நெடுவரிசை ஒன்றில் போடலாம்; அந்த வசதி 2014இலிருந்தே உறுதியாக இருக்கிறது.

காசை மிதவைப் புள்ளி (float) எண்ணாக வைக்காதீர்கள், 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் சரியாக 0.3 வராத வகை அது. சதமாக மாற்றி முழு எண்ணாக வையுங்கள். நெல்லை மூடைக் கணக்கில் வாங்கினாலும் கிலோவில் சேமியுங்கள். மூடைக்கு மூடை நிறை மாறும். ஈரப்பதத்துக்கும் சாக்குக்கும் கழித்த பின்னர் வரும் நிறையை மட்டும் வைத்தால், கழிவு கூடிவிட்டது என்று விவசாயி கேட்கும்போது காட்ட ஒன்றும் இருக்காது. அளந்த நிறை, கழித்தது, எஞ்சியது என மூன்றும் வேண்டும்.

தேசிய அடையாள அட்டை இலக்கத்தை முதன்மைச் சாவியாக்க, அதாவது ஒருவரின் பதிவை அடையாளம் காட்டும் இலக்கமாக்க, வேண்டாம். பழையது 9 இலக்கமும் ஓர் எழுத்தும். 2016இலிருந்து வருவது 12 இலக்கம். ஒரே ஆள் இரண்டையும் வைத்திருப்பார், போரில் ஆவணங்களைத் தொலைத்துவிட்டு எதுவும் இல்லாமல் வருபவரும் இருப்பார். அந்த இலக்கம் உங்களுக்கு உண்மையிலேயே தேவையா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் தேவைக்கு மேல் சேகரிப்பதை விரும்பவில்லை. பெயருக்கு ஒரே ஒரு பெட்டி போதும். "குடும்பப் பெயர்" என்று இன்னொரு பெட்டியைக் கட்டாயமாக்கினால் தகப்பன் பெயர், ஊர்ப் பெயர், ஒரு புள்ளி என்று கண்டதெல்லாம் வந்து விழும்.

8. தமிழில் போட்டால் கட்டம் கட்டமாக வருகிறது. தமிழுக்கு ஏற்ற ஸ்டாக் எது?

எல்லாம் ஏற்றவைதான். தமிழ் உடைவது பெரும்பாலும் மொழியில் அல்ல, ஓரங்களில். மைஎஸ்கியூஎல்லில் பழைய யூடிஎஃப்8 என்ற எழுத்துக் குறியாக்கத் தெரிவு ஓர் எழுத்துக்கு மூன்று பைட்தான் தரும். தமிழ் அதில் அடங்கிவிடும். பெயருக்குப் பக்கத்தில் ஒருவர் இமோஜி போட்டதும் பதிவு நின்றுவிடும். யூடிஎஃப்8எம்பி4 என்பதைத் தெரிவு செய்யுங்கள். அலுவலகங்களில் இருந்து வரும் பழைய கோப்புகள் பாமினியில் இருக்கும். பாமினி வெறும் எழுத்துரு; உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். தரவுத்தளத்துக்குள் ஏற்றுமுன் ஒருங்குறிக்கு மாற்றி, மாற்றியதை ஒரு மனிதர் வாசித்துப் பார்க்க வேண்டும்.

இதைவிட நுட்பமான ஒன்று தேடலில் இருக்கிறது. "கொ" என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். ஒற்றைக் கொம்பையும் காலையும் இரண்டு குறியீடுகளாக அடுத்தடுத்தும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு வேறு வேறு. ஒரு விசைப்பலகையில் பதிந்த "கொக்கிளாய்" இன்னொரு விசைப்பலகையில் தேடும்போது கிடைக்காமல் போவது இதனால். சேமிக்கும்போதும் தேடும்போதும் ஒருங்குறி இயல்பாக்கத்தை, அதாவது என்எஃப்சி வடிவத்தை, ஓட்டிவிடுங்கள். பெரும்பாலான நிரல் மொழிகளில் அதற்கு ஒரு வரிதான். சிங்களமும் வேண்டுமென்றால், கண்ணுக்குத் தெரியாத குறியீடுகளை "சுத்தம்" செய்யும் நிரலைத் தூக்கி எறியுங்கள். சிங்களக் கூட்டெழுத்துகள் அப்படிக் கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்பானை நம்பியே நிற்கின்றன.

பிடிஎஃப் உருவாக்கும் சிறிய நிரல் நூலகங்கள் பல கொம்பை இடம் மாற்றிப் போடும். பிரவுசரைக் கொண்டே பக்கத்தைப் பிடிஎஃப் ஆக்குவது பாதுகாப்பான வழி. பற்றுச்சீட்டு அடிக்கும் சிறிய வெப்பப் பிரின்டர்களில் பெரும்பாலானவற்றுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. சீட்டைப் படமாக வரைந்து அனுப்புங்கள். எஸ்எம்எஸ்ஸில் ஆங்கிலத்துக்கு 160 இடம், தமிழுக்கு 70. அந்த 70உம் குறியீட்டுக் கணக்கு. "கிளிநொச்சி" பார்வைக்கு ஐந்து எழுத்து. எஸ்எம்எஸ்ஸில் 10 இடம். இரண்டு வரி மரியாதையாக எழுதினால் இரண்டு எஸ்எம்எஸ் காசு போகும். விலை நிர்ணயிக்குமுன் இதைக் கணக்கில் எடுங்கள்.

9. ஃபயர்பேஸ் இலவசம்தானே? சேர்வர் வேலையே இல்லையே?

கூகுளின் இந்தப் பின்தளச் சேவை தொடக்கத்துக்கு நல்லதுதான், சிக்னல் இல்லாத நேரத்துக்கான வசதியும் அதில் கூடவே வருகிறது. ஆனால் அதன் தரவுத்தளமான ஃபயர்ஸ்டோரின் இலவச எல்லை நாளொன்றுக்கு 50,000 வாசிப்புகள். 500 உறுப்பினர் பட்டியல் ஒன்றை ஒரு தடவை முழுதாகத் திறந்தால் 500 வாசிப்பு. அதை நாளுக்கு 100 தடவை திறந்தால் எல்லை முடிந்தது. பக்கம் பக்கமாகப் பிரித்துக் காட்டினால், போனில் ஏற்கெனவே உள்ளதை ஒழுங்காகப் பயன்படுத்தினால் இவ்வளவு போகாது. அவசரத்தில் எழுதுபவர் அப்படிச் செய்வதில்லை.

பெரிய சிக்கல், விட்டு வெளியேறுவது. உங்கள் அனுமதி விதிகள், தரவின் வடிவம், கேள்வி கேட்கும் முறை எல்லாம் அந்த ஒரு நிறுவனத்தின் பாணியில் வளர்ந்துவிடும். 4ஆம் பதிலில் சொன்ன பார்ஸின் கதையையும் சேர்த்து யோசியுங்கள். உள்நுழைவுக்கும் அறிவிப்புகளுக்கும் ஃபயர்பேஸ், கணக்குகளுக்கு உங்கள் சொந்தத் தரவுத்தளம் என்ற பிரிவு பலருக்குப் பொருந்தும்.

10. சேர்வரை எங்கே வைப்பது? டொலரில் கட்ட வேண்டியிருக்கிறதே.

வீட்டிலோ கடையிலோ வைக்க வேண்டாம். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. சாதாரண நாளிலும் மழைக்கு ஒரு தடவை மின்சாரம் போய் வரும். மும்பாயிலோ சிங்கப்பூரிலோ மாதக் கட்டணம் நிலையான ஒரு சிறிய மெய்நிகர் சேர்வர் போதும்.

"நிலையான" என்ற சொல்தான் முக்கியம். பாவித்த அளவுக்குக் கட்டணம் என்ற முறை டொலரில் சம்பாதிப்பவருக்குச் சரி. உங்கள் வருமானம் ரூபாவில். 2022இன் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாவை ஒட்டி இருந்தது. மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. மாதம் 20 டொலர் கட்டியவருக்கு 4,000 ரூபா 7,000 ரூபாவைத் தாண்டியது, ஒரு வாடிக்கையாளர்கூடக் கூடாமலே. பாவனையும் நாணயமும் இரண்டுமே ஆடும் கட்டணத்தை நம்பி விலைப்பட்டியல் போட முடியாது.

தினமும் தானாகப் பிரதி எடுத்து, வேறொரு நிறுவனத்தின் சேமிப்பிடத்தில் வையுங்கள். மாதம் ஒரு தடவை அந்தப் பிரதியைக் கொண்டு வெறும் கணினி ஒன்றில் எல்லாவற்றையும் மீட்டுப் பாருங்கள்.

11. காசு வாங்க ஸ்ட்ரைப் போடலாமா? யூடியூப் பாடங்களில் எல்லாம் அதுதான் இருக்கிறது.

ஸ்ட்ரைப் கணக்கு இலங்கை நிறுவனங்களுக்குக் கொடுப்பதில்லை. உள்ளூர்க் கட்டணச் சேவைகளான பேஹியர் போன்றவை, வங்கிகளின் லங்காகியூஆர், இல்லாவிட்டால் வங்கியில் கட்டிய சீட்டைப் படம் பிடித்து அனுப்பச் சொல்வது: இவைதான் வழிகள். கடைசியாகச் சொன்னதுதான் இங்கே அதிகம் நடக்கிறது, அதற்கு ஒரு நல்ல திரை செய்யுங்கள். எதுவானாலும் காசு வாங்கும் நிரலை ஒரு தனித் தொகுதிக்குள் அடைத்து வைத்தால் பின்னர் மாற்றுவது எளிது.

12. இலட்சம் பேர் வந்தால் தாங்க வேண்டாமா? மைக்ரோசேர்விஸ், குபர்நெட்டீஸ் எல்லாம் முதலிலேயே போட்டுவிட்டால்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 5,000 விவசாயிகள், ஆளுக்கு இரண்டு தடவை, எல்லோரும் காலை இரண்டு மணித்தியாலத்துக்குள். 10,000 கோரிக்கைகளை 7,200 விநாடிகளால் வகுத்தால் விநாடிக்கு ஒன்றரையும் இல்லை. 10ஆம் பதிலில் சொன்ன சிறிய சேர்வருக்கு இது ஒரு வேலையே அல்ல. முதலில் 50 விவசாயிகளைப் பிடிப்பதுதான் உங்கள் பிரச்சினை.

மைக்ரோசேர்விஸ் என்பது ஒரே நிரலைத் துண்டுகளாகப் பிரிப்பது, குபர்நெட்டீஸ் அந்தத் துண்டுகளை ஓட்டி மேய்ப்பது. ஏழு துண்டாகப் பிரித்தால் துண்டுகளுக்கு இடையில் நடக்கும் பேச்சையும் நீங்கள்தான் பராமரிக்க வேண்டும். அமேசானின் பிரைம் வீடியோவில் காணொளித் தரத்தைக் கண்காணிக்கும் ஒரு பகுதியைத் துண்டு துண்டாக இருந்த நிலையிலிருந்து ஒரே நிரலாக ஒன்றுசேர்த்ததில் செலவு 90 வீதத்துக்கு மேல் குறைந்ததாக 2023இல் அவர்களே எழுதினார்கள். ஒரே நிரல், உள்ளே ஒழுங்கான அறைகள். அவ்வளவுதான்.

13. கொழும்பு நிறுவனம் ஒன்றிடம் கொடுத்துச் செய்தோம். இப்போது எங்களால் எதையும் தொட முடியவில்லை. என்ன செய்வது?

ஸ்டாக் எதுவென்று பார்க்குமுன், சாவிகள் யாரிடம் என்று பாருங்கள். டொமைன் பெயர், நிரலை வைத்திருக்கும் கிட் களஞ்சியம், சேர்வர் கணக்கு, பிளே கணக்கு, எஸ்எம்எஸ் கணக்கு ஆகிய ஐந்தும் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். இல்லையென்றால், மீதிக் காசு கொடுக்குமுன் இவற்றை மாற்றித் தரச் சொல்லுங்கள். அதன் பிறகு உள்ளூரில் ஓர் ஆளைக் கொண்டு வெறும் மடிக்கணினியில் அந்த நிரலை முதலிலிருந்து ஓட்ட வையுங்கள். ஓடினால் தப்பித்தீர்கள். ஓடாவிட்டால் தரவை மட்டுமாவது முழுதாக ஏற்றுமதி செய்து வாங்குங்கள். நிரலை மீண்டும் எழுதலாம்.

புதிதாகக் கொடுக்கப் போகிறவர்கள் இந்த ஐந்தையும் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

14. இங்கே ஆள் கிடைக்குமா? கிடைத்தாலும் நிற்பார்களா?

கிடைப்பார்கள். 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவிலிருந்தும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கும் கிளிநொச்சி அறிவியல் நகரிலிருந்தும் ஆண்டுதோறும் கணினி படித்தவர்கள் வெளியே வருகிறார்கள். நிற்பார்களா என்றால், பலர் நிற்க மாட்டார்கள். கொழும்புச் சம்பளமும் வெளிநாட்டு அழைப்பும் வந்தால் போவார்கள்; அதில் குறை சொல்லவும் ஒன்றுமில்லை.

ஆகவே ஒருவர் போனதும் அடுத்தவர் இரண்டு வாரத்தில் பிடித்துக்கொள்ளக்கூடிய ஸ்டாக் வேண்டும். 2ஆம், 4ஆம் பதில்களில் பழக்கமானதை எடுக்கச் சொன்னதற்கு இதுவும் காரணம். எப்படி நிறுவுவது, எப்படிப் பிரதியிலிருந்து மீட்பது என்ற இரண்டையும் களஞ்சியத்திலேயே ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி வையுங்கள்.

15. இப்போது செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தருகிறது. இனி எந்த ஸ்டாக் என்றால் என்ன?

எது எழுதினாலும் அதை வாசித்துப் பார்த்து ஏற்கப் போவது நீங்கள். தெரியாத மொழியில் அது தரும் நிரல் ஓடும். ஏன் ஓடுகிறது என்று தெரியாது. பரவலாகப் பாவிக்கப்படும் ஸ்டாக்கில் அதன் பதில்களும் பொதுவாக நன்றாக இருக்கும், படித்த மாதிரிகள் அதிகம் என்பதால். சில நேரம் இல்லாத நூலகம் ஒன்றின் பெயரைச் சொல்லும். அப்படிப்பட்ட பெயர்களைப் பதிவு செய்து அதில் தீங்கான நிரலை வைப்பவர்களும் இருக்கிறார்கள். நிறுவுமுன் அந்தப் பெயர் உண்மையானதா, எவ்வளவு காலமாக இருக்கிறது என்று பாருங்கள். காசுக் கணக்கு, அனுமதி, 6ஆம் பதிலில் சொன்ன போனுக்கும் சேர்வருக்கும் இடையிலான ஒத்திசைவு ஆகிய மூன்றையும் வரிக்கு வரி நீங்களே வாசியுங்கள்.

16. தவறான ஸ்டாக்கை எடுத்துவிட்டோம் போலிருக்கிறது. முழுவதையும் திரும்ப எழுதலாமா?

முதலில், ஸ்டாக்கா பிழை என்று உறுதிப்படுத்துங்கள். "மெதுவாக இருக்கிறது" என்று வருபவர்களின் தரவுத்தளத்தைத் திறந்தால், தேடும் நெடுவரிசைக்குச் சுட்டி (index) போடப்படாமல் இருப்பதைத்தான் அதிகம் காண்கிறேன். ஒரு வரியில் தீரும். பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன பதிப்பு, ஒரு சிறிய மாற்றத்துக்கும் ஒவ்வொரு தடவையும் வாரக்கணக்கு, வேலைக்கு ஆளே கிடைக்காத மொழி என்று இவற்றில் ஒன்று இருந்தால் அது ஸ்டாக்கின் பிழை.

அப்போதும் முழுவதையும் ஒரேயடியாக வேண்டாம். நெட்ஸ்கேப் தன் பிரவுசரை அடியிலிருந்து எழுதப் புகுந்து, 5ஆம் பதிப்பையே தவறவிட்டு, 2000 இறுதியில்தான் 6ஐக் கொண்டுவந்தது. அதற்குள் சந்தை மைக்ரோசொஃப்ட் பக்கம் போய்விட்டது. ட்விட்டர் ரெயில்ஸ் என்ற சட்டகத்திலிருந்து விலகியது துண்டு துண்டாக. ஒரு திரையை எடுங்கள். அதே தரவுத்தளத்தின் மேல் புதியதில் எழுதுங்கள். ஒரு போகம் ஓடட்டும். பிறகு அடுத்த திரை. அறுவடைக்கு முந்திய மாதத்தில் மட்டும் எதையும் மாற்ற வேண்டாம்.

17. பதிவுகளில் நேரம் ஐந்தரை மணித்தியாலம் பின்னால் காட்டுகிறது. சேர்வர் பழுதா?

பழுதில்லை. சேர்வர் உலகப் பொது நேரத்தில் வைத்திருக்கிறது, அப்படியே வைக்கட்டும். காட்டும்போது மட்டும் "ஆசியா/கொழும்பு" வலயத்துக்கு மாற்றுங்கள். ஐந்தரையைக் கையால் கூட்டி எழுதாதீர்கள். இலங்கை நேரம் எப்போதும் ஐந்தரையாக இருக்கவில்லை: 1996 மே மாதத்தில் ஆறரையானது, அதே ஆண்டு ஒக்டோபரில் ஆறானது, 2006 ஏப்ரலில்தான் மீண்டும் ஐந்தரைக்கு வந்தது. வலயப் பெயரைப் பாவித்தால் இந்த மாற்றங்கள் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும்.

பழைய ஆவணங்களைக் கணினியில் ஏற்றுபவர்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல். அந்தப் பத்தாண்டில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி புதிய நேரத்தை ஏற்கவில்லை. ஓமந்தையைத் தாண்டி அவர்களின் பகுதிக்குள் போனால் கடிகாரம் அரை மணித்தியாலம் பின்னே போகும். கணினியின் நேர வலய அட்டவணை கொழும்பின் கடிகாரத்தை மட்டுமே பின்பற்றுகிறது. ஆகவே 1996க்கும் 2006க்கும் இடைப்பட்ட பிறப்புக் குறிப்பு, மருத்துவக் குறிப்பு போன்றவற்றில் உள்ள நேரத்தைத் தாளில் இருப்பதுபோலவே எழுத்தாக ஒரு நெடுவரிசையில் வையுங்கள். அது எந்தக் கடிகாரம் என்பதற்கு இன்னொரு நெடுவரிசை. தெரியாவிட்டால் "தெரியாது" என்பதையும் ஒரு பெறுமதியாக அனுமதியுங்கள். வெற்றிடமாக விட்டால் அடுத்து வருபவர் அதைக் கொழும்பு நேரம் என்று எடுத்துவிடுவார்.